திறப்பு நாளும் மறுநாளும்



புதியதொரு கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட இருக்கிறது. நம் பக்கத்தில் இதுவரை எவரும் ஏறியிராத இராட்டினம் ஒன்று அதில் அமைந்திருக்கிறது. திறப்பு நாளன்றே போய்விடலாமா, சில நாள் பொறுத்துப் போகலாமா? கல்லூரியிற் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் இவ்வாறு என்னை வினவினார். கேட்பதற்கு இஃது எளிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் விடுதியில் தங்கிப் படித்து, வீட்டிலிருந்து வரும் மாதச் செலவுப் பணத்திற் பெரும்பகுதியை ஒரே நாளில் நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்துவிடப் போகும் ஒருவருக்கு இஃது எளிய வினா அன்று. நானோ இராட்டினம் ஏறும் வயதைக் கடந்தவன். ஆகவே என் விருப்பு வெறுப்பை ஒதுக்கிவிட்டு, வரலாற்று ஆசிரியன் ஒருவன் செய்யக்கூடியதைச் செய்தேன். இதற்கு முன் இத்தகைய இடங்களுக்கு முதல் நாளன்று போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தேடிப் பார்த்தேன். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

உலகிலுள்ள கேளிக்கைப் பூங்காக்களுள் பெரும்புகழ் வாய்ந்தது டிஸ்னிலாந்து. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தென்கிழக்கே, அனஹைம் என்னும் ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை விலைக்கு வாங்கி அதனை அமைத்தவர் வால்ட் டிஸ்னி. மிக்கி என்னும் சுண்டெலியைத் திரையில் ஆடவும் பாடவும் வைத்தவர் அவரே. தம் பெண்மக்கள் இருவரையும் அவர் குடைராட்டினத்துக்கு அழைத்துச் செல்வதுண்டு. அவர்கள் சுற்றி வரும்வரை தாம் ஒரு விசிப்பலகையில் அமர்ந்து வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்ததாம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மகிழ்வதற்கு ஓர் இடம் இல்லையே என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

எண்ணம் பிறந்தது, பணம் எளிதிற் பிறக்கவில்லை. தம் ஆயுள் காப்பீட்டின்மேற்கூட அவர் கடன் வாங்க வேண்டியதாயிற்று. இறுதியிற் கைகொடுத்தது ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம். அது 5 இலட்சம் டாலர் முதல் போட்டு, மேலும் 45 இலட்சம் டாலர் கடனுக்குப் பிணை நின்றது. அதற்கு ஈடாகப் பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உரிமையும், டிஸ்னி வாரந்தோறும் தயாரித்துத் தரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அதற்குக் கிடைத்தன. 1954 அக்டோபரில் தொடங்கிய அந்நிகழ்ச்சியின் வாயிலாக, எழும்பிவரும் பூங்காவைப் பற்றி அமெரிக்கச் சிறுவர் சிறுமியர் வீட்டிலிருந்தபடியே அறிந்து ஏங்கிக்கொண்டிருந்தனர். திறப்பு விழாவை நேரடியாக ஒளிபரப்புவதென்று முடிவாயிற்று. நாளும் குறிக்கப்பட்டது: 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை.

கட்டுமான வேலை தொடங்கியது 1954 ஜூலையில். ஆக, ஓர் ஆண்டுக் காலத்துக்குள் ஆறு வெட்ட வேண்டும், கப்பல் மிதக்க விட வேண்டும், கோட்டை எழுப்ப வேண்டும், இருப்புப்பாதை போட வேண்டும். செலவு 1 கோடியே 70 இலட்சம் டாலரை எட்டியது. வேலை முடிந்ததும் திறப்பது என்ற முறை போய், திறக்கும் நாளுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியவர்களுக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்நேரம் பார்த்துக் குழாய் வேலை செய்வோர் வேலைநிறுத்தம் செய்தனர். மிஞ்சிய நாட்களில் குடிநீர்க் குழாய்களைப் பொருத்தி முடிக்கலாம், அன்றேல் கழிப்பறைகளை முடிக்கலாம். இரண்டையும் முடிக்க இயலாது. டிஸ்னி கழிப்பறைகளையே தேர்ந்தார். தாகத்துக்குக் கடையிலே குளிர்பானம் வாங்கிக் குடிக்கலாம், மற்றதற்கு வேறு வழியில்லை என்பது அவர் கருத்து. இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியை நடத்தியவர் எவரும் இதையே சொல்வர். ஆனால் குடிநீர் இல்லாததைக் கண்டவர்கள், குளிர்பானம் விற்பதற்காகச் செய்த சூழ்ச்சி இது என்று பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. படகுகள் செல்லும் கால்வாயின் கரையிலே செடிகள் நட நேரமும் இல்லை, பணமும் இல்லை. தாமாக முளைத்த களைகளே மண்டிக் கிடந்தன. அக்களைகளின் இலத்தீன் பெயர்களை அழகிய பலகைகளில் எழுதி ஆங்காங்கே நட்டுவைக்கும்படி டிஸ்னி சொல்லிவிட்டாராம். பார்ப்பவர்கள் அவற்றை அரிய செடிகள் என்று எண்ணிக்கொள்வார்கள் அன்றோ? தாவரவியல் படிக்கும் மாணவர்கள் இதனைக் கேட்டுச் சிரிக்கலாம். நெருஞ்சிக்கும் இலத்தீனில் ஒரு கம்பீரமான பெயர் உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஜூலை 17 விடிந்தது. அன்று அழைப்பிதழ் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. பொதுமக்களுக்கு மறுநாள் திங்கட்கிழமைதான் கதவு திறக்கும். செய்தியாளர்கள், திரைப்பட நடிகர்கள், பூங்காவைக் கட்டிய தொழிலாளர்களின் குடும்பத்தார் ஆகியோருக்கு அழைப்புச் சீட்டு அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் சீட்டுகளைப் போலவே போலிச் சீட்டுகளும் அச்சிடப்பட்டுவிட்டன. எதிர்பார்த்தவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கினராக, 28,000 பேர் உள்ளே புகுந்தனர். பூங்காவின் வேலியில் ஓர் ஆள் ஏணி சாத்தி, ஏறி இறங்க ஆளுக்கு 5 டாலர் வாங்கினானாம். மறுநாள் வாயில் வழியாகவே முறைப்படி நுழைவதற்கு வயது வந்தோர்க்குக் கட்டணம் ஒரு டாலர்தான் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள். ஒரு நாள் முந்துவதற்காக ஐந்து மடங்கு கொடுத்து ஏணியில் ஏறியவர்கள் உள்ளே எதைக் கண்டார்கள்?

வெயில் 100 பாகை பாரன்ஹீட்டை ஒட்டிக் கொளுத்தியது. அப்போதுதான் போட்டிருந்த தார் இளகிவிட்டது. பெண்களின் குதிகால் உயர்ந்த செருப்புகள் அதிற் புதைந்தன. உணவு விடுதிகளில் உணவு தீர்ந்துபோயிற்று. மார்க் ட்வெயின் என்று பெயர் சூட்டப்பட்ட நீராவிக் கப்பலில், கீழ்த்தளத்தில் நீர் ஏறும் அளவுக்கு ஆட்கள் நெருக்கியடித்து ஏறினர். எரிவாயு கசிந்தது தெரிந்ததும் ஒரு பகுதியைச் சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று. எதிர்கால உலகம் என்று பெயரிட்ட பகுதி பாதியே முடிந்திருந்ததால் அதனைப் பலூன்களாலும் கொடிகளாலும் மறைத்து வைத்திருந்தனர். சிறுவர்கள் ஓட்டும் சிறு மோட்டார் வண்டிகளோ ஒன்றோடொன்று மோதி மோதி, தொடக்க நாட்களிலேயே பெரும்பாலும் பழுதாகிவிட்டன.

அதே நேரத்தில் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிற் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர். மூவர் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினர். அவர்களுள் ஒருவர் ரொனால்டு ரீகன் என்னும் நடிகர். 1981-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானாரே, அவரேதாம். வெயிலும் இல்லை, தாகமும் இல்லை; இசையும் அணிவகுப்பும் சிறுவர்கள் கோட்டைக்குள் ஓடும் காட்சியும் அவர்களுக்குக் கிடைத்தன. அன்றைய விழாவை நன்றாகப் பார்த்தவர்கள் விழாவுக்குப் போகாதவர்களே! டிஸ்னியும் ஒளிப்பதிவுக் கருவிகளின் முன் ஓடிக்கொண்டே இருந்தபடியால், உள்ளே நடந்த அலங்கோலத்தின் முழு அளவை மறுநாட் செய்தித்தாள்களிற் படித்தே அறிந்தார் என்பர். பூங்காவின் ஊழியர்கள் அந்நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று பெயரிட்டு அழைக்கலாயினர்.

இவ்வளவுக்கும் அங்கே பணிபுரிந்தவர்கள் சோம்பேறிகளும் அல்லர், திறமையற்றவர்களும் அல்லர். பின் ஏன் இப்படி நேர்ந்தது? நாளைக் குறித்தது பொறியாளரின் அளவுகோல் அன்று, ஒளிபரப்பின் ஒப்பந்தம். திறப்பு விழாக்களின் வரலாற்றை ஆராய்வோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நாளைக் குறித்தவர் யார், எதற்காகக் குறித்தார்? முகூர்த்தமோ, பண்டிகையோ, விடுமுறையோ, முதல் போட்டவரின் தவணையோ, வருகை தரும் பெரியவரின் வசதியோ நாளை முடிவு செய்திருக்கலாம். இயந்திரம் ஆயத்தமாகிவிட்டது என்பதற்காக மட்டும் குறிக்கப்பட்ட திறப்பு நாள் மிக அரிது.

இதற்குச் சிறந்த சான்று, இன்று நம் ஊர்த் திருவிழாக்களிலும் சுழலும் பெரிய இராட்டினத்தின் மூதாதையாகிய ஃபெரிஸ் சக்கரம். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆம் ஆண்டின் நினைவாகச் சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. 1893 மே 1 அன்று குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து அதனைத் திறந்துவைத்தார். பாரிஸ் நகரின் ஈபில் கோபுரத்துக்கு மறுமொழியாக ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் வகுத்த 264 அடி உயரச் சக்கரமே அப்பொருட்காட்சியின் பேரதிசயமாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தனர். ஆனால் தலைவர் வந்து போன நாளில் அச்சக்கரம் முடிவு பெறவில்லை. ஜூன் 9 அன்றுதான் அது முதன்முறையாகச் சுழன்றது. பிறகு சோதனை ஓட்டத்தில் ஃபெரிஸின் மனைவியாரே ஏறிச் சுற்றி வந்தார். பொதுமக்களுக்கு ஜூன் 21-இல் திறந்தார்கள். பெட்டிகள் 36, பெட்டி ஒன்றுக்கு 60 பேர்வரை ஏறலாம், ஆக, ஒரே வேளையில் 2,160 பேர். கட்டணம் 50 சென்டு; பொருட்காட்சிக்குள் நுழைவதற்கான கட்டணமும் அதே 50 சென்டுதான். மே மாதத்திலேயே ஆவலோடு ஓடிவந்தவர்கள் பாதி கட்டிய சக்கரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அந்தப் பொருட்காட்சிக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனையொட்டி நடந்த சர்வசமயப் பேரவையிற் பேசுவதற்காகச் சுவாமி விவேகானந்தர் சென்ற பயணத்துக்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் பணம் திரட்டினார்கள். ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்த சுவாமிகள், பேரவை செப்டம்பரில்தான் கூடும் என்று அறிந்தார். கையிலிருந்த பணமோ கரைந்துகொண்டிருந்தது. இருப்பினும் பொருட்காட்சியைச் சுற்றிப் பார்த்தார். அதனைப் பார்த்து முடிக்கக் குறைந்தது பத்து நாளாவது வேண்டும் என்று ஆகஸ்டு மாதத்தில் அளசிங்கருக்கு எழுதினார். பத்து நாள் தேவைப்படும் ஒன்றை முதல் நாட் கூட்டத்திற் பார்த்துவிட்டேன் என்று சொல்பவர் எதைப் பார்த்திருப்பார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஈபில் கோபுரத்தின் கதையும் இதனோடு ஒத்ததே. 1889 மார்ச் 31 அன்று ஈபில் தாமே படியேறிச் சென்று உச்சியிற் கொடியேற்றினார். மே 15-இல் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர். மின்தூக்கிகள் என்று நாம் இன்று சொல்லும் ஏறுபொறிகளோ மே 26-இல்தான் இயங்கத் தொடங்கின. உச்சிவரை படிகள் 1,710. இடைப்பட்ட நாட்களில் வந்த ஏறத்தாழ 30,000 பேரும் கால் கடுக்கப் படியேறியே கோபுரத்தைக் கண்டனர். ஆனால் இவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பழனி மலைக்கு இழுவை வண்டி வந்த பிறகும் படியேறுவோர் இருக்கிறார்கள் அல்லவா?

இனி, நான் மிகுதியும் சொல்ல விரும்பும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். அது பூங்கா அன்று, பொருட்காட்சி. ஆயினும் முதல் நாள் யாருக்கு உரியது என்ற கேள்வி அங்கேதான் வெளிப்படையாக எழுந்தது. லண்டன் மாநகரின் ஹைட் பார்க் என்னும் பூங்காவில், ஜோசப் பாக்ஸ்டன் வகுத்த கண்ணாடி மாளிகையில், 1851 மே 1 அன்று பெரும் பொருட்காட்சி தொடங்கிற்று. மாளிகையின் நீளம் 1,848 அடி. விக்டோரியா அரசியார் திறந்துவைக்கும்போது பொதுமக்களை உள்ளே விடலாகாது என்றே முதலில் எண்ணியிருந்தனர். நெரிசலில் அரசியாருக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சினர். 1848-இல் ஐரோப்பாவெங்கும் புரட்சி மூண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. பத்திரிகைகள் கண்டனக் குரல் எழுப்பவே முடிவை மாற்றி, பருவச் சீட்டு வாங்கியவர்கள் வரலாம் என்று அறிவித்தனர். அச்சீட்டின் விலை ஆடவர்க்கு 3 கினி, பெண்டிர்க்கு 2 கினி. கினி ஒன்றுக்கு 21 ஷில்லிங்; ஆக, ஆடவர் ஒருவர் 63 ஷில்லிங் கொடுக்க வேண்டும். கூலித் தொழிலாளி ஒருவர் பல வாரம் உண்ணாமல் உடுக்காமல் உழைத்தாலன்றி இத்தொகையைக் கண்ணாற் காண இயலாது. ஆகவே முதல் நாளன்று மாளிகையினுள் இருந்த ஏறத்தாழ 25,000 பேரும் செல்வர்கள்.

அன்று நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பட்டாடை அணிந்த சீனர் ஒருவர் கூட்டத்திலிருந்து முன்வந்து அரசியாரைப் பணிந்து வணங்கினார். சீனப் பேரரசின் தூதர் போலும் என்று கருதி, வெளிநாட்டுத் தூதர்களோடு அவரையும் ஊர்வலத்திற் சேர்த்துவிட்டனர். தேம்ஸ் ஆற்றில் நிறுத்தி, கட்டணம் வாங்கிக் காட்டிக்கொண்டிருந்த சீன மரக்கலம் ஒன்றைச் சேர்ந்தவர் அவர் என்பது பின்னரே தெரியவந்தது. விழாவைப் பற்றிய ஓவியத்திலும் அவர் இடம்பெற்று நிற்கிறார்!

மே 2, 3 ஆகிய நாட்களில் நுழைவுக் கட்டணம் ஒரு பவுன். அதன் பின் 5 ஷில்லிங். மே 26 முதல், திங்கள் தொடங்கி வியாழன்வரை, ஒரு ஷில்லிங். அந்த ஒரு ஷில்லிங் நாளே எளிய மக்களின் திறப்பு நாள். அதனை எண்ணி அரசாங்கத்தார் நடுங்கினர். உழைக்கும் மக்கள் கூட்டமாக உள்ளே வந்தால் கண்ணாடியை உடைப்பார்கள், பொருள்களைக் கவர்வார்கள், கலகம் விளைப்பார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. காவலர்கள் கூடுதலாக நிறுத்தப்பட்டனர். மே 26 வந்தது. நடந்தது என்ன தெரியுமா? எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை! முதல் நாளில் நெரிசல் மிகும், நாம் பிறகு போவோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணியதால், அந்த முதல் நாள் நெரிசலின்றிக் கழிந்தது. அன்று துணிந்து சென்றவர்கள் நிம்மதியாகப் பார்த்துவந்தார்கள். எல்லோரும் ஒரே விதமாக அறிவுள்ளவர்களாக நடக்கும்போது அவ்வறிவு பயனற்றுப் போகிறது; பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இதனைப் பற்றிச் சிந்திக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொருட்காட்சியின் மிகப் பெருங்கூட்டம் தொடக்கத்தில் வரவில்லை, இறுதியில் வந்தது. மூடும் நாள் நெருங்கிவிட்ட அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் 1,09,915 பேர் வந்தனர். வாட்டர்லூப் போரில் வென்ற வெலிங்டன் கோமகனாரும் அன்று வந்திருந்தார். அவரைக் கண்டவர்கள் ஆரவாரம் செய்ய, தொலைவில் நின்றவர்கள் மாளிகைதான் இடிந்து விழுகிறதோ என்று அஞ்சி வாயிலை நோக்கி ஓடினராம். நல்ல வேளையாகப் பேரிடர் ஏதும் நேரவில்லை. பொறுத்திருப்பதே நன்று என்று சொல்லி இறுதிவரை பொறுத்தவர்கள் பெற்ற பயன் இது.

உள்ளே போனவர்களைக் கூட்டம் கூட்டமாக ஈர்த்தவற்றுள் நம் நாட்டிலிருந்து கொண்டுபோன கோகினூர் வைரமும் ஒன்று. ஆனால் அது எதிர்பார்த்தபடி சுடர்விடவில்லை என்று பலரும் முணுமுணுத்தனர். மறு ஆண்டே அதனை மீண்டும் பட்டை தீட்டினர். டிஸ்னியின் கழிப்பறை முடிவைப் பற்றி முன்பு சொன்னேன். அதனையும் லண்டனில் முன்னரே அறிந்திருந்தனர்: ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து அங்கிருந்த கழிப்பறைகளைப் பயன்படுத்தியவர்கள் 8,27,280 பேர் என்று அதிகாரிகள் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள்.

மொத்தத்தில், ஆறு மாதத்துக்குள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள். தொழிலாளர்கள் சங்கங்கள் அமைத்து, வாரந்தோறும் சில காசுகளைச் சேமித்து, புகைவண்டியிற் கூட்டமாக வந்தனர். தாமஸ் குக் என்பவர் மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரை அழைத்துவந்தார். கார்ன்வாலின் பென்சான்ஸ் என்னும் ஊரிலிருந்து எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், தலையில் ஒரு கூடையோடு, ஏறத்தாழ 300 மைல் நடந்தே லண்டன் வந்து சேர்ந்தார். அவர் வந்தபோது பொருட்காட்சி தொடங்கி நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஈட்டிய ஆதாயம் 1,86,000 பவுன். அதைக் கொண்டு தென் கென்சிங்டனில் வாங்கிய நிலத்தில்தான் இன்றுள்ள பெரிய அருங்காட்சியகங்கள் எழுந்தன. அவ்வாதாயத்திலே முதல் நாளன்று 63 ஷில்லிங் கொடுத்தவர்களின் பணமும் உண்டு. ஷில்லிங் கொடுத்துப் பொறுமையாக நின்றவர்களின் பணமும் உண்டு.

பள்ளி ஆசிரியன் என்ற முறையில் எனக்கும் இதில் ஒரு சிறு பட்டறிவு உண்டு. எங்கள் மாவட்டத் தலைநகரில் ஆண்டுதோறும் பொருட்காட்சி நடக்கும். அறுபது மாணவர்களை எந்த நாளில் அழைத்துச் செல்வது என்பதைப் பல ஆண்டுகள் நானே முடிவு செய்தேன். தொடக்க நாளில் வரவேற்பு வளைவும் விழா மேடையும் ஆயத்தமாக இருக்கும். அரங்குகளிலோ தச்சர் ஆணி அடித்துக்கொண்டிருப்பார். கடைசி வாரத்தில் மாணவர்க்குக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆனால் பாதி அரங்குகள் மூட்டை கட்டத் தொடங்கியிருக்கும். ஆகவே மூன்றாம் வாரத்தில் ஒரு வேலைநாளையே தேர்ந்துகொள்வேன். இராட்டினத்துக்கு அதிகாரிகளின் தகுதிச் சான்று கிடைத்துவிட்டதா, அது எத்தனை நாளாகத் தடையின்றிச் சுற்றுகிறது என்று விசாரித்த பின்னரே பிள்ளைகளை ஏற அனுமதிப்பேன். ஓர் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, “முதல் நாள் போனால்தானே ஐயா, எங்களுக்கு முன்னால் யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியும்?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பொருளைப் பார்ப்பது ஒன்று, நாளைப் பார்ப்பது வேறொன்று. தொடக்கத்தைக் காண விரும்புகிறவருக்கு மூன்றாம் வாரம் எதற்கும் உதவாது. ஆனால் அறுபது பிள்ளைகளின் பொறுப்பைச் சுமந்தவன், தொடக்கத்தைவிட அவர்கள் வீடு திரும்புவதையே எண்ண வேண்டியிருந்தது. தனியே செல்லும் இளைஞருக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

என் பழைய மாணவருக்கும் இதையே சொன்னேன். அந்த இராட்டினத்தில் ஏற வேண்டும் என்பதே உம் ஆவலானால் ஒரு மாதம் கழித்துப் போம். கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் கிட்டும். அது முதன்முதலாகச் சுற்றும் நாளில் நானும் அங்கே நின்றேன் என்பதே உம் ஆவலானால், ஏற இடம் கிடைக்காமற் போகலாம் என்று தெரிந்தே போம். உணவும் நீரும் கையிற் கொண்டு போம். எதுவாயினும், நாளைக் குறித்தவர் யார் என்று முதலில் விசாரியும் என்றேன்.

டிஸ்னிலாந்துக்குப் பிறகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கறுப்பு ஞாயிறு அதனை வீழ்த்திவிடவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். பறக்கும் யானையில் ஏறிச் சுற்றும் இராட்டினம் முதல் நாளன்று இயங்கவே இல்லை. ஆகஸ்டு மாதத்தில்தான் திறக்கப்பட்டது. இன்றும் சிறுவர்கள் அதற்காக வரிசையில் நிற்கிறார்கள். முதலில் ஒவ்வோர் இராட்டினத்துக்கும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அக்டோபரில் சீட்டுப் புத்தகம் ஒன்றை விற்கத் தொடங்கி அத்தொல்லையைக் குறைத்தார்கள். ஏழே வாரத்தில் பத்து இலட்சமாவது பார்வையாளர் உள்ளே வந்தார். 1959 ஜூனில் ஒற்றைத் தண்டவாள வண்டி, நீர்மூழ்கிக் கப்பல், பனிமலைச் சறுக்கு வண்டி ஆகியவற்றைச் சேர்த்து, இரண்டாவது திறப்பு விழாவைப்போலவே கொண்டாடினார்கள். அப்பூங்கா என்றும் முற்றுப்பெறாது என்று டிஸ்னி சொல்வதுண்டு.

அதே 1959 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு வந்த சோவியத் தலைவர் குருஷேவ், டிஸ்னிலாந்தைப் பார்க்க விரும்பினார். பாதுகாப்புக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது. அவர் பலர் அறியக் கோபித்துக்கொண்டார். நம் பிரதமர் ஜவாஹர்லால் நேரு 1961 நவம்பரில், மகள் இந்திராவோடு அங்கே சென்றார். டிஸ்னியே உடனிருந்து சுற்றிக் காட்டினார். பூங்காவுக்கு அப்போது ஆறு வயது, நேருவோ எழுபதைக் கடந்தவர். தார் நன்றாகவே இறுகியிருந்தது.

ஏணியில் ஏறிய கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மறுநாளாகிய ஜூலை 18-இல், முறைப்படி சீட்டு வாங்கிய பொதுமக்களின் வரிசையில் முதலில் நின்றவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவர். தொலைக்காட்சியில் விழாவைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பின்னிரவு இரண்டு மணியளவில் வாயிலுக்கு வந்து தன்னந்தனியே காத்து நின்றார். பொழுது விடியும்போது அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் நின்றனர். கதவு திறந்ததும் ஒரு டாலர் கொடுத்துச் சீட்டு வாங்கி உள்ளே சென்றார். சற்று நேரம் சுற்றிப் பார்த்தார். இராட்டினம் ஒன்றிலும் ஏறாமலே வெளியே வந்துவிட்டார். கல்லூரிக்குப் போக வேண்டியிருந்ததாம்.